உள்ளே இருப்பவர் நலம்

அந்த ஆலையில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு ஒரே அடையாளம், கேட்டால் பதில் சொல்வது.

கேட்பது வாய்க்காரரின் வேலை. வாயாடி என்பதால் வந்த பட்டப்பெயர் அல்ல அது. மனிதர் பேச்சில் கஞ்சன். ரசாயனத் தொட்டியின் வாயருகே உட்கார்ந்திருப்பதால் அப்படிக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தொட்டியின் அடிப்பகுதியிலும் ஓர் ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு திறப்பு இருந்தது. தொட்டியை வடித்த பிறகு, அடியில் தங்கும் கசடைச் சுரண்டி எடுக்க ஒருவர் அதன் வழியே உள்ளே போவார். கசடுக்குள் ஒரு வாயு ஒளிந்திருக்கும். மணம் கிடையாது, நிறம் கிடையாது. ஆளைத் தாலாட்டாமலே தூங்க வைத்துவிடும். அதனால் வாய்க்காரர் வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை திறப்புக்குள் குரல் கொடுப்பார்.

“எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன்.”

கேள்வி, பதில் இரண்டையும் பாதுகாப்புத் துறை வகுத்திருந்தது. வேறு சொல்லுக்கு இடமில்லை. ‘ஏதோ இருக்கேன்’ என்று ஒருமுறை பதில் சொன்ன தொழிலாளியை மறுபயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி முடிந்து திரும்பியவர் அதன்பின் வீட்டில்கூட அப்படிச் சொன்னதில்லை.

பாதுகாப்புக் கையேடு தலையணை கனத்துக்கு இருந்தது. அதில் ஒரு வாசகம் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். உள்ளிருந்து பதில் வரும்வரை உள்ளே இருப்பவர் நலம். நலமாக இருப்பவரை வேலை முடியும் முன் வெளியே எடுத்தல் குற்றம்.

இந்தப் பதிலை ஆலையிலேயே மிகச் சுத்தமாகச் சொன்னவர் வாய்க்காரரின் தங்கை புருஷன். ஆண்டுதோறும் பாதுகாப்பு விழாவில் பதில் சொல்லும் போட்டி நடக்கும். பரிசு அவருக்குத்தான். பரிசாக ஒரு தண்ணீர்ப் புட்டி தருவார்கள். வீட்டு அலமாரியில் புட்டிகள் அணிவகுத்து நின்றன. தண்ணீர் குடிக்க எதையும் எடுக்க விடமாட்டார்.

“மாப்பிள்ளை, அதையெல்லாம் எப்பதான் தொறப்பீங்க?” என்று வாய்க்காரர் ஒருமுறை கேட்டார்.

“ரிட்டயர் ஆனப்புறம்” என்றார் மாப்பிள்ளை.

ஆலையின் பின்பக்கத் தொட்டிக்குள் அன்று மாப்பிள்ளை போயிருந்தார். வாய்க்காரர் முக்காலியில் இருந்தார். காலை முழுக்கக் கேட்டார். காலை முழுக்கப் பதில் வந்தது. சாப்பாட்டுச் சங்கு ஊதியது. மாப்பிள்ளை வரவில்லை.

“மாப்பிள்ளை, சாப்பிட வாங்க.”

“நல்லா இருக்கேன்.”

“இருங்க, யார் வேண்டாம்னா. சாப்பிட்டுட்டு இருங்க.”

“நல்லா இருக்கேன்.”

வாய்க்காரர் விளக்கைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே நீட்டினார். மாப்பிள்ளை கசடின் மேல் முகம் புதையக் கிடந்தார். சுரண்டும் தகடு கைக்குள்ளேயே இருந்தது. எட்டிக் காலைத் தொட்டார். வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அது சில்லிட்டுப் போயிருக்க வேண்டும். என்ன பேசுவது என்று தெரியாத நாக்குக்குப் பழகிய கேள்விதான் வந்தது.

“எப்படி இருக்கீங்க?”

மாப்பிள்ளையின் உதடு கசடுக்குள் இருந்தது. பதில் மேலே, தொட்டியின் கூரையிலிருந்து வந்தது.

“நல்லா இருக்கேன்.”

உடலை ஆலையின் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அதில் இருந்த மருத்துவர் அனுபவசாலி. வண்டி ஆலை வாசலைத் தாண்டும்வரை மாப்பிள்ளை இறக்கவில்லை. தாண்டியதும் இறந்தார். சாலையில் நேர்ந்த மரணம் என்று முடிவானது. அந்த ஆலையில் வேலை செய்து இறந்த எல்லோருமே அந்தச் சாலையில்தான் இறந்திருந்தார்கள். சாலை மோசம் என்று பாதுகாப்புத் துறை நகராட்சிக்குப் பலமுறை எழுதியிருந்தது.

தங்கை பெரிதாக அழவில்லை. சடங்கெல்லாம் முடிந்து வீடு காலியானதும் அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“கடைசியா என்ன சொன்னாரு?”

“நல்லா இருக்கேன்னாரு.”

“சொல்லியிருப்பாரு” என்றாள். அலமாரிக் கதவைச் சாத்தினாள்.

இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதை வாய்க்காரர் அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வடித்துக் கழுவிக் காயவிட்ட தொட்டியின் முன்னால் தினமும் போய் நின்றார். கேட்டார். பதில் வந்தது. கேட்காமல் திரும்பிய நாள்களில் முதுகுக்குப் பின்னால் யாரோ கேள்விக்காகக் காத்திருப்பது போலிருந்தது. இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பி வந்து கேட்டார்.

மாதம் ஒன்று போனபின் பாதுகாப்பு அதிகாரியைப் பார்க்கப் போனார். அதிகாரி அறைக்குள்ளும் தலைக்கவசம் போட்டிருந்தார். மேசைக்கு மேலே மின்விசிறி இருந்தது. அது விழலாம் என்பது அவர் கணிப்பு.

“சார், மாப்பிள்ளை இன்னும் பதில் சொல்றாரு.”

“எந்த மாப்பிள்ளை?”

“என் தங்கச்சி வீட்டுக்காரரு. தொட்டிக்குள்ள தவறிப்போனாரே.”

“ரோட்டுல” என்று அதிகாரி திருத்தினார். “சரி, என்ன பதில் சொல்றாரு?”

“நல்லா இருக்கேன்னு.”

“அப்புறம் உங்களுக்கு என்னங்க குறை?”

வாய்க்காரர் யோசித்துப் பேசினார். அவருக்கு அவ்வளவு நீளமாகப் பேசிப் பழக்கமில்லை. “ஆளே இல்லாம பதில் வருது சார். அப்போ நாளைக்கு இன்னொருத்தர் உள்ள போய் மயங்கி விழுந்தாலும் இவரு பதில் சொல்லிடுவாரு. எனக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கும் அப்படித்தானே ஆச்சு?”

அதிகாரி எழுந்து கூடவே வந்தார். தொட்டிக்கு முன்னால் தொண்டையைச் சரிசெய்துகொண்டு தானே கேட்டார். பதில் வந்தது. அதிகாரியின் கண் கலங்கியது.

“என்ன உச்சரிப்பு” என்றார்.

“சார், நான் சொன்ன விஷயம்.”

“நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க. யோசிக்கிறதுக்கு ஒரு குழு இருக்கு.”

குழு கூடியது. வாய்க்காரரை வெளியே உட்கார வைத்தார்கள். கதவிடுக்கு வழியே பிஸ்கட் கடிக்கும் சத்தமும் அவ்வப்போது ஒருவர் இருமும் சத்தமும் கேட்டன. கடைசியில் முடிவை வாசித்துக் காட்டினார்கள். பதில் வருகிறது, ஆகவே அவர் நலம். நலமாக இருப்பதால் அவர் இறக்கவில்லை. இறக்காததால் இது ஆவி விவகாரம் ஆகாது. ஆவி விவகாரம் பாதுகாப்புத் துறையின் எல்லைக்குள் வராது என்பதால் இந்த முடிவு துறைக்கும் வசதியாக இருந்தது.

அத்துடன் விட்டிருக்கலாம். விடவில்லை. கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லும் ஊழியரை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. எலக்ட்ரீஷியன் ஒருவரை அனுப்பித் தொட்டிக்குள் மைக் மாட்டினார்கள். கட்டுப்பாட்டு அறையில் ஒலிபெருக்கியும், அங்கிருந்தே கேள்வி கேட்க இன்னொரு மைக்கும் வைத்தார்கள். விருந்தினர் வந்தால் அங்கே அழைத்துப்போய்க் கேட்க வைத்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களைத் தொட்டியின் முன்னால் வரிசையாக நிறுத்தி உச்சரிப்புப் பழக்கினார்கள். உள்ளிருந்து குரல் முன்னே சொல்லும். வெளியே நிற்பவர்கள் பின்னே சொல்வார்கள்.

“நல்லா இருக்கேன்.”

“நல்லா இருக்கேன்.”

பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது என்று அதிகாரி மகிழ்ந்தார். வாய்க்காரர் அந்த நேரங்களில் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். தண்ணீர் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

அந்த ஆண்டுப் பாதுகாப்பு விழாவில் ‘அன்றும் இன்றும்’ என்று ஒரு கண்காட்சி திறந்தார்கள். அந்தக் காலத்தில் தொட்டிக்குள் போனவர்கள் இடுப்பில் கட்டிய கயிறு கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. அதற்கடுத்த காலத்து எச்சரிக்கை மணி உத்தரத்தில் தொங்கியது. அதற்கும் அடுத்து, இன்றைய காலத்துக்கு, ஒரு சுவரொட்டி இருந்தது. அதில் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆலையின் இயக்குநர் பேசினார். மூன்றாம் தலைமுறை முதலாளி. குறிப்பு வைத்துக்கொள்ளாமல் மனதிலிருந்து பேசக்கூடியவர்.

“எங்க தாத்தா காலத்துல உள்ள போறவர் இடுப்புல கயிறு கட்டுவாங்க. விழுந்தா வெளியே இருந்து இழுப்பாங்க. சில சமயம் ஆள் வரும், சில சமயம் கயிறு மட்டும் வரும். அது காட்டுமிராண்டிக் காலம். மனுஷனை மாடு மாதிரி கட்டறதாவதுன்னு எங்க அப்பா கயிறை எடுத்துட்டாரு. மணி வச்சாரு. ஆபத்துன்னா அடிக்கணும். அடிச்சாங்க. ஓயாம அடிச்சாங்க. உற்பத்தி படுத்துடுச்சு. அப்பா மணியைக் கொஞ்சம் உயரத்துல மாட்டினாரு. கை எட்டாத உயரம். அதுக்கப்புறம் பாருங்க, ஆபத்தே இல்ல.”

கை தட்டினார்கள்.

“அந்தக் காலத்துல விபத்து நடந்தா ஆளைத் தேடினாங்க. அப்புறம் வந்தவங்க காரணத்தைத் தேடினாங்க. நாம இப்போ விபத்தையே தேடுறோம். கிடைக்கவே மாட்டேங்குது. இதுதான் வளர்ச்சி.”

இன்னும் பலமாகத் தட்டினார்கள். அந்தச் சத்தத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் கயிறு ஒருமுறை சுண்டி இழுபட்டதை வாய்க்காரர் பார்த்தார். சற்று நின்று மறுபடி இழுபட்டது. அந்தப் பக்கம் யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல விறைத்தது, தளர்ந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற பெண் ஊழியர் ஓரடி தள்ளி நின்றுகொண்டார். உத்தரத்து மணி மெல்லக் கிணுகிணுத்தது.

“காத்து” என்றார் பாதுகாப்பு அதிகாரி.

பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் காற்று எப்படிப் போனது என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அன்று நேரமில்லை. சிறந்த பதிலாளர் விருது அறிவித்தார்கள். அது பின்பக்கத் தொட்டிக்குப் போனது. எல்லோரும் ஊர்வலமாகப் போய்த் தண்ணீர்ப் புட்டியைத் தொட்டியின் வாயில் வைத்தார்கள். தங்கையை அழைக்கவில்லை. சாலையில் இறந்தவர்களின் குடும்பத்தை அழைக்கும் வழக்கம் ஆலைக்கு இல்லை.

விழா முடிந்த கையோடு பின்பக்கத் தொட்டியை மறுபடி சுத்தம் செய்ய ஆள் போட்டார்கள். போட்டது வாய்க்காரரின் தம்பியை. தம்பி அதுவரை மூட்டை ஏற்றும் பகுதியில் இருந்தவன். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அண்ணன் பேசாமல் மிச்சம் பிடித்ததையெல்லாம் அவன் பேசித் தீர்த்தான்.

வாய்க்காரர் அவன் வீட்டுக்குப் போனார். தம்பி மிதிவண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

“அந்தத் தொட்டி வேண்டாம்டா.”

“வேண்டாம்னா வேலையும் வேண்டாம்பாங்க. அப்புறம் நீயா சோறு போடுவ?”

“போடுறேன்.”

“அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லு.”

வாய்க்காரர் சிரிக்கவில்லை. “நீ உள்ள மயங்கிக் கிடப்ப. அவரு நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு இருப்பாரு. நானும் கேட்டுட்டு உக்காந்திருப்பேன். ஒருதடவை உக்காந்தது போதும்.”

தம்பி எண்ணெய்க் குவளையைக் கீழே வைத்தான். சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா யாரையாவது திட்டிக் கேட்டிருக்கியா?”

“இல்ல.”

“வாயில வராது அவருக்கு. அக்காவுக்கே அதுல வருத்தம். அதனால நீ கேள்வி கேக்காத. என்னைத் திட்டு. நான் திருப்பித் திட்டுறேன். திட்டு திரும்பி வரலன்னா இழுத்துப் போட்டுடு.”

அப்படியே ஏற்பாடாயிற்று. தம்பி உள்ளே தவழ்ந்து போனான். வாய்க்காரர் முக்காலியை இழுத்துத் திறப்போடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். திட்டிப் பழக்கமில்லாததால் முதல் முறை குரல் பிசிறியது.

“டேய் எருமை.”

“நல்லா இருக்கேன்” என்றது கூரை.

“எருமைக்கு அண்ணனா பொறந்தா நீ என்ன?” என்றது கீழேயிருந்து.

வாய்க்காரர் மூச்சை விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “டேய் சொட்டைத்தலை” என்றார்.

“நல்லா இருக்கேன்.”

“எனக்கு ஏறுநெத்தி. சொட்டை உனக்கு. பின்னாடி நின்னு பாத்தவங்களைக் கேளு.”

“உன் மாமனார் வந்து வாசல்ல நிக்கிறாருடா.”

“நல்லா இருக்கேன்.”

“உள்ள அனுப்பு. ஒரு மூலை அவரு சுரண்டட்டும்.”

வாய்க்காரர் வாழ்நாளில் பேசாத பேச்செல்லாம் அன்று பேசினார். தம்பியின் மூக்கைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் அவன் திருட்டு முழி முழித்ததைச் சொன்னார். சொன்னதற்கெல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் நடுவில் அந்த இன்னொரு குரல், பண்டிதர் போல, திருத்தமாக நின்று ஒலித்தது. ஒரு கட்டத்தில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது போலவே அவருக்குத் தோன்றிவிட்டது. அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததுதான் பயமாக இருந்தது.

பாதுகாப்பு அதிகாரி அந்தப் பக்கம் வந்தார்.

“என்ன மொழி இது? வேலையிடத்துல மரியாதைக்குறைவான சொற்கள் தடை. திட்டு வாங்கறவர் மனசு என்ன பாடுபடும்? மன அழுத்தமும் விபத்துதான். போன மாசம்தான் வகுப்பெடுத்தேன்.”

“சார், அவனா இவரான்னு தெரியணுமில்ல.”

“அதுக்குத்தான் கேள்வி இருக்கு.” அதிகாரி குனிந்தார். “எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன்.”

“பாத்தீங்களா?”

வாய்க்காரர் அவர் தோளுக்கு மேலாக எட்டிக் கத்தினார். “டேய் சோம்பேறி, தூங்கிட்டியா?”

“நல்லா இருக்கேன்.”

காத்திருந்தார். கீழேயிருந்து சுரண்டும் சத்தம் நின்றுபோயிருந்தது.

“டேய், உன்னைக் கட்டினதுக்கு அந்தப் பொண்ணு ஒரு கழுதையைக் கட்டியிருக்கலாம்டா.”

“நல்லா இருக்கேன்.”

அவ்வளவுதான் வந்தது. வாய்க்காரர் எழுந்தார். அதிகாரி திறப்பை மறைத்து நின்றார்.

“பதில் வருதில்ல?”

“அது என் தம்பி இல்ல சார்.”

“யாரா இருந்தா என்ன? நலமா இருக்காருல்ல? நலமா இருக்கிறவரை நீங்க எடுக்க முடியாது. எடுத்தா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல.”

வாய்க்காரர் அவரைத் தள்ளினார். அதிகாரி விழுந்தார், தலைக்கவசம் இருந்ததால் அடி படவில்லை. வாய்க்காரர் கசடு இழுக்கும் நீண்ட கொக்கியை எடுத்து, மூச்சை அடக்கி, இடுப்புவரை திறப்புக்குள் நுழைந்தார். இருட்டில் துழாவினார். கொக்கி எதிலோ மாட்டியது. தம்பியின் இடைவார். இழுத்தார். தலைக்கு மேலே குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் கேட்கவேயில்லை, அது சொல்லிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை சும்மா இருங்க என்று மனதுக்குள் கெஞ்சினார். வாயைத் திறந்தால் வாயு போய்விடும்.

தம்பி வெளியே வந்து சேர்ந்தபோது உதடு சாம்பலாக இருந்தது. வாய்க்காரர் அவன் கன்னத்தில் அறைந்தார். மார்பை அமுக்கினார். மறுபடி அறைந்தார். வெகுநேரம் கழித்து அவன் ஒருமுறை இழுத்து இருமினான்.

அதிகாரி தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து பார்த்தார். “நல்லா இருந்த ஆளை என்ன கதிக்கு ஆளாக்கிட்டீங்க” என்றார்.

விசாரணையைக் கட்டுப்பாட்டு அறையில் வைத்தார்கள், சாட்சி சொல்ல வேண்டியவர் தொட்டியைவிட்டு வர முடியாதவர் என்பதால். இயக்குநரே தலைமை. பாதுகாப்பு அதிகாரி குற்றம்சாட்டுபவர். ஒலிபெருக்கிக்குப் பொறுப்பாக எலக்ட்ரீஷியன் ஒரு மூலையில் இருந்தார். குற்றம்சாட்டப்பட்டவர் துணைக்கு ஒரு உறவினரை அழைத்து வரலாம். தம்பி படுக்கையில் இருந்தான், அவன் மனைவி பக்கத்தை விட்டு நகரவில்லை. தங்கை புறப்பட்டு வந்து அண்ணன் வீட்டு வாசலில் நின்றாள்.

“நீ வேண்டாம்மா” என்றார் வாய்க்காரர்.

“ஏன்?”

அவர் படியிறங்கி நடந்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

குற்றங்களை வாசித்தார்கள். அதிகாரியைத் தள்ளியது. தகாத சொற்கள் பேசியது. நலமாக இருந்த ஒருவரை வேலை முடியும் முன் வெளியே எடுத்தது. மூன்றாவதுதான் பெரிய குற்றம்.

“அவன் செத்திருப்பான் சார்” என்றார் வாய்க்காரர்.

“செத்தாரா?” என்று கேட்டார் இயக்குநர்.

“இல்ல. எடுத்துட்டேனே.”

“சாகாத ஒருத்தரை, செத்திருப்பார்னு சொல்லி வெளியே எடுத்திருக்கீங்க. இதே மாதிரி எல்லாரும் எடுக்க ஆரம்பிச்சா உள்ள யாருங்க இருப்பா? சாட்சியைக் கேட்போம்.”

அதிகாரி மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனார். “எப்படி இருக்கீங்க?”

ஒலிபெருக்கி கரகரத்தது.

“நல்லா இருக்கேன்.”

தங்கை மடியில் வைத்திருந்த பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

“சந்தேகத்துக்கே இடமில்ல” என்றார் இயக்குநர். “உள்ள இருந்தவர் அன்னைக்கும் நலம், இன்னைக்கும் நலம். அதனால நாளைக்குக் காலையில இவர் தம்பி மறுபடி உள்ள போய் மீதி வேலையை முடிச்சுக் கொடுத்துடணும். நீங்க இனிமே வாயில உக்கார வேண்டாம். உங்களை நீக்கறதா நினைக்காதீங்க. இனி எந்தத் தொட்டிக்கும் வாயில ஆள் கிடையாது. மைக் போதும். மனுஷத் தவறையே ஒழிச்சுட்டோம்.”

“அவனால எழுந்து நிக்கவே முடியல சார்.”

“தவழ்ந்துதானே போகணும்?” என்றார் பாதுகாப்பு அதிகாரி.

“அண்ணே” என்றாள் தங்கை. “இது அவரு.”

வாய்க்காரர் தரையைப் பார்த்தார்.

“எத்தனை நாளா?”

“அன்னையிலிருந்து.”

அவள் அண்ணனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு இயக்குநர் பக்கம் திரும்பினாள். “இவரு இப்படிச் சொன்னா நல்லா இல்லைன்னு அர்த்தங்க.”

“அம்மா, உங்க துக்கம் புரியுது. பதில் தெளிவா இருக்கு.”

“தெளிவா இருக்கறதாலதாங்க சொல்றேன். காய்ச்சல்ல ஒடம்பு தூக்கிப் போடும். கேட்டா இதே குரல்ல இதையே சொல்லிட்டு வேலைக்குக் கிளம்புவாரு. நெஜமா நல்லா இருக்கிற அன்னைக்கு இவருக்கு இந்தப் பேச்சே வராது. செருப்பைக் காணோம்பாரு. காபி ஆறிப்போச்சும்பாரு. சலிச்சுக்கிட்டே கிடப்பாரு.”

அவள் எழுந்து மைக்குக்கு முன்னால் போனாள். அதிகாரி கையை நீட்டித் தடுத்தார்.

“கேள்வியை மாத்தக் கூடாது.”

“நான் கேள்வியே கேக்கல சார்.”

அவள் குனிந்தாள். சத்தமாகப் பேசவில்லை. பக்கத்து அறையில் தூங்குபவரை எழுப்புவது போலப் பேசினாள்.

“நான்தான் வந்திருக்கேன். நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு சொல்லுங்க. வேலை ஒண்ணும் போயிடாது. யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்.”

ஒலிபெருக்கியில் வெற்றுக் காற்றின் சத்தம் மட்டும் இருந்தது. அந்தக் குரல் இதுவரை பதில் சொல்லத் தாமதித்ததில்லை. எலக்ட்ரீஷியன் குனிந்து கம்பியைத் தொட்டுப் பார்த்தார். கம்பி சரியாக இருந்தது.

பிறகு வந்தது. பரிசு வாங்கிய உச்சரிப்பு அதில் இல்லை. வேலைவிட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவரின் குரல்.

“நல்லா இல்ல.”



“மூச்சு முட்டுது” என்றது குரல்.

ஆலையின் பாதுகாப்பு ஏற்பாடுகள் அன்றுதான் முதல்முறையாக வேலை செய்தன. தொட்டிக்குள்ளிருந்து ‘நல்லா இல்ல’ என்று பதில் வந்தால் தானே ஊதும்படி சங்கு அமைத்திருந்தார்கள். ஊதியது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. விருந்தினர் வரும்போது மட்டும் ஓடிக் காட்டிய மீட்புக் குழு, முகமூடியும் காற்றுக் குடுவையுமாக உண்மையாகவே ஓடியது. கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடி வழியே அவர்கள் பின்பக்கத் தொட்டிக்குள் ஒருவர் பின் ஒருவராக நுழைவது தெரிந்தது.

குழுத் தலைவரின் குரல் மைக்கில் கேட்டது. “உள்ள யாரும் இல்ல சார்.”

“கண்ணு எரியுது” என்றது அதே மைக்கில் மற்ற குரல்.

“நல்லாத் தேடுங்க” என்றார் பாதுகாப்பு அதிகாரி. அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஏன் கழற்றினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

“சார், பக்கத்துல கேக்குது. யாரும் இல்ல. சார், நாங்க வெளியே வந்துடறோம்.”

“மைக் லைனை நிறுத்து” என்றார் இயக்குநர்.

எலக்ட்ரீஷியன் விசைமேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார். “கூடாது சார். உள்ள இருக்கிறவர் நல்லா இல்லைன்னு சொல்லிட்டா, அவர் வெளியே வர்ற வரைக்கும் லைனை அறுக்கக் கூடாது. எந்தத் தொட்டிக்குள்ளும் வேலைக்கு யாரும் போகக் கூடாது. நீங்க கையெழுத்துப் போட்ட கையேடுதான்.”

“யாருய்யா உள்ள இருக்கா? அன்னைக்கே செத்தவரைத் தொட்டியிலிருந்து நாமதானே வெளியே இழுத்துப் போட்டோம்.”

சொல்லி முடித்தபின் இயக்குநர் வாயை மூடிக்கொண்டார்.

“ரோட்டுல சார்” என்றார் பாதுகாப்பு அதிகாரி மெதுவாக. யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

சங்கு நின்றது. ஆலை அவ்வளவு அமைதியாக இருந்து வாய்க்காரர் கேட்டதில்லை. உடலே இல்லாதவர் தொட்டியைவிட்டு வெளியே வரப்போவதில்லை, நாளைக் காலை தம்பி எழுந்திருக்க வேண்டியதில்லை என்பது அவருக்கு மெல்ல உறைத்தது. 

தங்கை ஒரு நாற்காலியை இழுத்து மைக்குக்கு அருகே போட்டு உட்கார்ந்தாள். பையைக் கீழே வைத்தாள்.

“கண்ணு எரியுது, அப்புறம்?” என்றாள். “அவசரமில்ல. ஒண்ணொண்ணா சொல்லுங்க.”